நோயாளியின் மொழியில் மருத்துவம்: மானிப்பாய் மருத்துவர் கிறீனின் வாழ்வும் பணியும்



ஒரு நாட்டுப்புற மருத்துவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மருத்துவரைப் பற்றித் தமிழாசிரியன் பேசுவது எதற்காக என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக, என் பணிக்காலத்தின் இறுதியில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு சொல்லால் நீண்ட இரவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எண்பது வயதை எட்டிய பாட்டி ஒருவர் இருந்தார். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். சந்தைக்குப் போதுமான மலாய்ச் சொற்கள் சில மட்டும் தெரியும். ஒருநாள் மாலை, உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்த பேரன் அவரை அருகிலிருந்த மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றான். “நெஞ்சு கரிக்குதுய்யா, வாயில புளிச்ச தண்ணி ஊறுது” என்று பாட்டி சொன்னார். பேரன் அதை ஆங்கிலத்தில், “பாட்டிக்கு நெஞ்சு வலிக்கிறது” என்று மருத்துவரிடம் சொன்னான். எண்பது வயது மூதாட்டிக்கு நெஞ்சு வலி என்றால் மருத்துவர் செய்ய வேண்டியதை அவர் குறையின்றிச் செய்தார். அவசர மருத்துவ வண்டி வந்தது. இரவு முழுதும் பரிசோதனைகள் நடந்தன. விடியற்காலையில், தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பாட்டியின் அருகில் அமர்ந்து பத்து நிமிடம் பேசிய பிறகே, அது உணவுக்குப் பின் வரும் நெஞ்செரிச்சல் என்பது தெளிவாயிற்று.

தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் தவறு எதிர்த்திசையில் நிகழ்ந்திருந்தால், அதாவது உண்மையான நெஞ்சுவலி வெறும் எரிச்சலாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், என்னவாகியிருக்கும்? மறுநாள் அந்தப் பையனைச் சந்தித்தேன். “கரிக்கிறது என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை ஐயா. பாடத்தில் அந்தச் சொல் வரவில்லையே” என்றான். அவன் தமிழில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுபவன். அவனுக்குத் தமிழ் கற்பித்தவன் நான்தான்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. நோயைச் சொல்லும் மொழியும் நோயைத் தீர்க்கும் மொழியும் வேறு வேறாக இருந்தால், இடையில் நிற்கப்போவது யார்? இக்கேள்விக்கு விடை தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியை எதிர்கொண்டு, அதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒரு கிராமத்து மருத்துவரைக் கண்டுகொண்டேன். அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்கர், சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மானிப்பாய்க்கு வந்த இளைஞர்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க் மாநகரை உருவாக்கியவர்களுள் ஒருவராக வரலாற்றில் இடம்பெற்றவர். அந்நகரின் நடுவே விரிந்து கிடக்கும் மத்தியப் பூங்கா அமைவதில் பெரும்பங்கு ஆற்றியவர். தம்பி 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அண்ணனைப் போல மாநகரில் உயர்ந்திருக்கலாம். அவரோ கப்பலேறினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அமெரிக்க மிஷன் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் பணி செய்துவந்தது. கிறீனுக்கு முன்பு ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். வேலூரில் பெரும் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேத்தி. கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். அவர் தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சியாக மானிப்பாயில் இன்றும் கிறீன் நினைவு மருத்துவமனை உள்ளது.

அன்றைய மருத்துவரின் பைக்குள் என்ன இருந்தது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிறீன் பட்டம் பெற்ற ஆண்டில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு மயக்கி அறுவை செய்ய முடியும் என்று வெளிப்படையாகக் காட்டப்பட்டது 1846இல்தான். புண் சீழ்பிடிப்பதற்குக் கிருமிகளே காரணம் என்பது அப்போது நிறுவப்படவில்லை. ஜோசப் லிஸ்டர் தம் கிருமித்தடுப்பு முறையை வெளியிட்டது 1867இல். எனவே வயலும் பனந்தோப்பும் சூழ்ந்த ஒரு சிற்றூரில், கிறீனிடம் இருந்த கருவிகள் சிலவே. நோயாளியிடம் கேட்டறிவதே அவற்றுள் முதன்மையானது. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எதை உண்டால் கூடுகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது என்று கேட்க வேண்டும். வரும் விடையை விளங்கிக்கொள்ளவும் வேண்டும். அதற்குத் தமிழ் வேண்டும். கிறீன் தமிழைக் கற்றார். வழிபாட்டுக்கும் போதனைக்கும் மட்டும் போதுமான அளவில் அவர் நின்றுவிடவில்லை; உடலைப் பற்றிப் பேசும் தமிழைக் கற்றார்.

மாணவர்களை ஊர் ஏன் இழந்தது?

ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? இதை உணர்ந்த கிறீன் 1848இலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பயிற்று மொழி ஆங்கிலம். 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி அப்போது ஆங்கிலம் வல்ல இளைஞர்களை உருவாக்கிவந்தது. எனவே ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிப்பது இயல்பாகவும் எளிதாகவும் தோன்றியது. நூல்கள் ஆங்கிலத்தில் ஆயத்தமாக இருந்தன. மாணவர்களும் அதையே விரும்பினார்கள்.

மாணவர்கள் நன்றாகவே தேறினார்கள். சிக்கல் அதன் பின்னரே வந்தது. ஆங்கிலமும் மருத்துவமும் கற்ற இளைஞனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. நிலையான சம்பளமும் மதிப்பும் கிடைத்தன. அவன் போய்விட்டான். கிராமத்து மக்களுக்காகப் பயிற்றுவிக்கப்பட்டவன் கிராமத்தில் தங்கவில்லை. அவனைக் குறைகூறவும் முடியாது. வாழ்க்கையில் முன்னேற விரும்புவது தவறன்று. ஆயினும் காய்ச்சலில் கிடந்த உழவனுக்கு மருத்துவர் இல்லாத நிலை மாறவில்லை.

இங்கேதான் கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழில் மருத்துவம் கற்றவன் தமிழ் பேசும் ஊரிலேயே தொழில் நடத்துவான். அவனுக்கு ஊர் தேவை, ஊருக்கு அவன் தேவை. ஆங்கிலத்திலுள்ள அறிவைத் தமிழில் கொண்டுவந்தால், மருத்துவர்கள் ஊரோடு நிற்பார்கள். இதே காலத்தில், 1855இல், மிஷனும் தன் கல்விக் கொள்கையை மாற்றி உள்ளூர் மொழிக்கு முதன்மை தந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. பத்தாண்டுப் பணிக்குப் பிறகு தாயகம் சென்ற கிறீன், 1862இல் மனைவியுடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864இல் தமிழில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

ஆசிரியப் பெருமக்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். தமிழ் தொன்மையானது, இனிமையானது, ஆகவே அதில் மருத்துவம் கற்பிக்க வேண்டும் என்று அவர் வாதிடவில்லை. நோயாளி இருக்கும் இடத்தில் மருத்துவர் இருக்க வேண்டும் என்பதே அவருடைய வாதம். மொழிப்பற்றிலிருந்து தொடங்கியிருந்தால் இரண்டு மேடைப் பேச்சுகளோடு அது முடிந்திருக்கக்கூடும். அவர் தேவையிலிருந்து தொடங்கியதால் நூல்கள் பிறந்தன.

நாலாயிரம் பக்கங்கள்

தமிழில் கற்பிப்பது என்று முடிவு செய்தாயிற்று. நூல்கள் எங்கே? யாழ்ப்பாணத்துக்கு நெடிய மருத்துவ மரபு உண்டு. யாழ்ப்பாண மன்னர்களின் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற மருத்துவ நூல்கள் செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்து, குருவிடம் பொருள் கேட்டுப் பயில வேண்டியவை. கிறீனுக்குத் தேவைப்பட்டவை வேறு வகை நூல்கள். எலும்பு, தசை, நரம்பு என்று ஒவ்வொன்றையும் படத்துடன் விளக்கி, மாணவன் தனியே அமர்ந்து படித்து அறியத்தக்க உரைநடை நூல்கள் அவருக்கு வேண்டியிருந்தன.

இத்துறையில் அவர் முன்பே அடியெடுத்து வைத்திருந்தார். கட்டர் என்பாரின் பாடநூலை ஒட்டி, உடலின் அமைப்பு, இயக்கம், நலம் பேணல் ஆகியவற்றை விளக்கும் ‘அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்’ தமிழ் வகுப்பு தொடங்குமுன்பே வெளிவந்தது. மகப்பேற்று மருத்துவம் பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்தது. தமிழ் வகுப்பு தொடங்கிய பிறகு பணி விரைந்தது. ட்ரூயிட் எழுதிய அறுவை மருத்துவ நூல் 1867இல் ‘இரண வைத்தியம்’ ஆயிற்று. லண்டனில் 1858இல் முதலில் வெளிவந்து இன்றுவரை உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படித்துவரும் கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது. நோய்களையும் சிகிச்சையையும் பற்றிய ‘வைத்தியாகரம்’ அதே ஆண்டில் வந்தது. வேதியியலைக் கூறும் ‘கெமிஸ்தம்’ 1875இலும், உடலியக்கத்தைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வந்தன. இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய வேரிங்கின் நூலும் ‘இந்து பதார்த்த சாரம்’ எனத் தமிழாயிற்று. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இவற்றோடு கலைச்சொல் தொகுதிகளும் வெளியாயின.

இத்தலைப்புகளையே ஒரு பாடமாக வைத்து வகுப்பில் கற்பிக்கலாம். ‘இரணம்’ என்பது வடசொல்தான். ஆயினும் ரணம் என்றால் புண் என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும். ‘அங்காதிபாதம்’ என்பது, தலை முதல் கால் வரை உடலைப் பாடும் கேசாதிபாதம், கால் முதல் தலை வரை பாடும் பாதாதிகேசம் என்ற நம் இலக்கிய வகைகளை நினைவூட்டும் சொல். ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லையே எடுத்து, தமிழ் நாவுக்கு ஏற்ற ஈறு கொடுத்து அமைத்தது. தமிழில் பழகிய சொல், வடமொழி வழியே வந்த சொல், ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொல் என்று மூன்று வாயில்களையும் அவர் திறந்து வைத்திருந்தார். தூய்மை குறித்த கவலையைவிட, மாணவனுக்கும் நோயாளிக்கும் விளங்க வேண்டும் என்ற கவலையே அவரிடம் மிகுந்திருந்தது.

இச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் என்பதை உடற்கூறியல் என்கிறோம். சுகரணம் என்பதை உடலியங்கியல் என்கிறோம். கெமிஸ்தம் வேதியியல் ஆகிவிட்டது. இதைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் சிறந்த சொற்களை ஆக்க முடிந்ததற்கு, முன்னால் ஒருவர் முதல் சொல்லை வைத்து எழுதிப் பார்த்திருந்ததும் ஒரு காரணம்.

இப்பணியைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன், பால் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் உழைத்தார்கள். இப்பெயர்களைக் கேட்டு அவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிட வேண்டாம். மிஷன் பள்ளிகளில் படித்த தமிழ் இளைஞர்களுக்கு, அவர்களின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஆகவே அந்நூல்கள் அமெரிக்கர் ஒருவர் தமிழுக்குத் தந்த கொடை மட்டுமல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் உழைப்பும்கூட. தம் மாணவர்கள் உடையிலும் நடையிலும் ஐரோப்பியரைப் போல மாறுவதைக் கிறீன் விரும்பவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஊராரிடமிருந்து அந்நியமாகிவிட்ட மருத்துவனிடம் ஊரார் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

காலராவும் அறிவின் எல்லையும்

கிராமத்து மருத்துவரின் வாழ்வு நூல் எழுதுவதோடு முடிவதில்லை. 1866இல் யாழ்ப்பாணத்தைக் காலரா தாக்கியது. நம் முன்னோர் அதைப் பேதி என்றும், கொள்ளைநோய் என்றும் அழைத்தார்கள். காலையில் நலமாக இருந்தவர் இரவுக்குள் உடல்நீர் வற்றி மாண்டுபோகும் நோய் அது. கிறீனும் அவருடைய மாணவர்களும் அதனோடு போராடினார்கள்.

அவர்களிடம் இருந்த அறிவு எவ்வளவு? நோய் நீரின் வழியே பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் மருத்துவ உலகம் அதை முழுமையாக ஏற்றிருக்கவில்லை. காலராக் கிருமியை ராபர்ட் கோக் உறுதிசெய்தது 1884இல், கல்கத்தாவில். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலோரைக் காப்பாற்றலாம் என்பது மேலும் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. ஆகவே 1866இல் எந்த மருத்துவராலும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களால் செய்யக்கூடியதாக இருந்தது, நோயுற்றவரைக் கைவிடாமல் இருப்பதும், தூய்மை பற்றி மக்களுக்கு அறிவுறுத்துவதும். அந்த அறிவுரையைக் குடிசையில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் தமிழ் வகுப்பின் பயன். மருந்து கையில் இல்லாத காலத்தில், மருத்துவர் தரக்கூடியவற்றுள் சொல்லும் ஒன்று.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். ஆனால் பணியை நிறுத்தவில்லை. வூஸ்டரில் தம் குடும்ப வீட்டிலிருந்தபடியே கடல் கடந்து வரும் தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தினார். சற்று முன் நான் குறிப்பிட்ட ‘மனுஷ சுகரணம்’ இவ்வாறு அவர் தமிழ் மண்ணைப் பிரிந்து பத்தாண்டு கழிந்த பிறகு வெளிவந்த நூல். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

கிறீன் மதப்பணிக்காக அனுப்பப்பட்டவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அது கடும் பூசலுக்குரிய செய்தி. மிஷனரிகளை எதிர்த்துச் சைவத்தையும் தமிழையும் காக்க முனைந்து நின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவரும் 1822ஆம் ஆண்டில், டிசம்பர் மாதம் பிறந்தவர். கிறீனுக்கு இரண்டு மாதமே இளையவர். மானிப்பாய்க்கும் நல்லூருக்கும் இடையே சில மைல்களே தொலைவு. சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆயினும் நாவலர் சிறுவர்களுக்குப் பாலபாடங்களை எழுதித் தமிழ் உரைநடையைச் செப்பம் செய்த அதே ஆண்டுகளில், கிறீனும் அவர் மாணவர்களும் அவ்வுரைநடையில் இரத்த ஓட்டத்தையும் எலும்பு முறிவையும் விளக்கிக்கொண்டிருந்தார்கள். தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது, நாம் முன்னவரை மறப்பதில்லை. பின்னவரையும் மறவாதிருக்க வேண்டும்.

ஏன் நிலைக்கவில்லை?

இவ்வளவு உழைப்பும் ஏன் ஒரு பெரும் மரபாக வளரவில்லை? சொற்கள் போதாமையால் அன்று. தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதை மானிப்பாய் செய்தே காட்டிவிட்டது. தடை வேறிடத்தில் இருந்தது. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயிற்று மொழி ஆங்கிலம். அரசின் வேலையும் அங்கீகாரமும் மேற்படிப்பும் அந்த வழியில் இருந்தன. தமிழில் கற்றவனின் திறமை குறைவில்லாததாக இருந்தாலும், அவன் கையிலிருந்த சான்றிதழ் அவனை ஊருக்கு அப்பால் கொண்டுசெல்லவில்லை. கிறீன் எதை நன்மையாகக் கண்டாரோ, அதையே அடுத்த தலைமுறைப் பெற்றோர் குறையாகக் கண்டார்கள். அவர் தாயகம் திரும்பிய பின் சில ஆண்டுகளிலேயே தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றுபோயிற்று.

இதிலிருந்து நான் பெறும் பாடம் இது: ஒரு சொல் அகராதியில் இருப்பதால் மட்டும் உயிரோடு இருப்பதில்லை. அதைச் சொல்ல ஒருவரும், அதற்காகக் காத்திருக்கும் ஒருவரும் இருக்கும்வரைதான் அது வாழ்கிறது.

சிராங்கூன் சாலையில்

இனி நம் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணமும் சிங்கப்பூரும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் மருத்துவத்துறை ஊழியர்களாகவும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1910இலேயே தோன்றிவிட்டது. கிறீன் அஞ்சிய இடப்பெயர்ச்சிதான் நம்மில் பலரின் பாட்டனார்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்றுகூடச் சொல்லலாம். அந்த வழியால் பயன்பெற்றவர்கள் நாம். அதைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே சிங்கப்பூரில் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கே மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. அது மாறப்போவதும் இல்லை. ஆனால் நோயாளி? லிட்டில் இந்தியாவை ஒட்டி, கண்டாங் கெர்பாவில் பல்லாண்டுகள் நிலைபெற்றிருந்த மகப்பேற்று மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அந்தத் தாய்மார்களுள் தமிழிலேயே வலியில் கதறியவர்கள் இருந்தார்கள். அவர்கள் இன்று பாட்டிகள்; பலதுறை மருந்தகங்களில் வரிசை எண்ணுக்காகக் காத்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் கூடும் ஊழியர்களுள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 2020இல் தங்குவிடுதிகளில் கிருமித்தொற்று பரவியபோது, அவர்களுடைய மொழியில் பேசக்கூடியவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதை நாம் கண்டோம். 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம், ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரோடு நீண்டகால உறவு கொள்ள வேண்டும் என்கிறது. அது கிராமத்து மருத்துவரின் பழைய முறைதான், மாநகருக்கு வந்திருக்கிறது. பேச்சில்லாமல் அந்த உறவு எப்படி வளரும்?

மறுபக்கம், வீட்டில் தமிழ் குறைந்துவருகிறது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தனர், 2020இல் 2.5 விழுக்காடாயினர். தமிழில் நோகும் தலைமுறைக்கும் ஆங்கிலத்தில் கேட்கும் மருத்துவருக்கும் இடையே இன்று நிற்பவர்கள் நீங்கள்தான், மாணவச் செல்வங்களே.

நம் மக்கள் வலியைச் சொல்லும் விதங்களைப் பாருங்கள். குத்துகிறது, குடைகிறது, உளைகிறது, கடுக்கிறது, எரிகிறது, கரிக்கிறது, பிடித்துக்கொள்கிறது, மரத்துப்போகிறது, விண்விண் என்று தெறிக்கிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால், அந்தத் தடயங்கள் அழிந்துவிடும். அதுபோலவே தலைசுற்றல் வேறு, கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு. முன்னதில் காதின் உட்புறக் கோளாறு இருக்கலாம், பின்னதில் இரத்த அழுத்தம் குறைந்திருக்கலாம். ‘நீர்க்கடுப்பு’ என்று பாட்டி சொல்வதை, வெட்கத்தால் பேரன் மொழிபெயர்க்காமல் விட்டால், தொற்று சிறுநீரகம்வரை ஏறக்கூடும். ‘பித்தம்’, ‘வாயு’, ‘சூடு’ என்று முதியோர் சொல்லும்போது அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பயனில்லை; “எப்படி இருக்கிறது பாட்டி, விளக்கமாகச் சொல்லுங்கள்” என்று மீண்டும் கேட்க வேண்டும்.

நோய், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகியோரைப் பற்றி வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார். உடனிருப்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவர் வைத்தார். நம் ஊரில் அந்த உடனிருப்பவர், பல வேளைகளில், பள்ளிச் சீருடையில் இருக்கும் ஒரு பேரப்பிள்ளை.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அரைமணி நேரம் அமர்ந்து, உடல் உபாதைகளைக் குறிக்கும் இருபது சொற்களைக் கேட்டு எழுதி வரட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது உடலில் எங்கே, எப்படி உணரப்படுகிறது என்பதைத் தமிழிலும், அதை மருத்துவரிடம் எவ்வாறு சொல்வது என்பதை ஆங்கிலத்திலும் எழுதட்டும். இடத்துக்கு இடம் சொல் மாறும். யாழ்ப்பாணத்தார் ‘நோகுது’ என்பதைத் தஞ்சாவூரார் ‘வலிக்குது’ என்பார். அதையும் குறித்துக்கொள்ளட்டும். தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்பார்கள். உதவாமல் போகலாம். என்றாவது ஓர் இரவில் உதவும் என்று சொல்லுங்கள்.

என் பழைய மாணவன் அப்படியொரு குறிப்பேட்டைத் தானாகவே எழுதத் தொடங்கினான். அதன் முதல் பக்கத்தில் இருந்த முதல் சொல் ‘கரிப்பு’. பாட்டியே அருகிலிருந்து சொல்லச் சொல்ல எழுதியிருந்தான். நாற்பது பக்கக் குறிப்பேடு நிறைந்துவிட்டதாகப் பின்னர் என்னிடம் காட்டினான். நாலாயிரம் பக்கங்களை எழுதிய மானிப்பாய் மருத்துவருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியை, இத்தகைய நாற்பது பக்கங்களில் தொடங்கலாம்.